பச்சை வண்டிக்கு வெள்ளை அடித்தவர்

பழனி டாக்ஸி ஸ்டாண்டில் போய் நாச்சிமுத்து என்று கேட்டால், எந்த நாச்சிமுத்து என்று திருப்பிக் கேட்பார்கள். பச்சை வண்டி நாச்சிமுத்து என்றால் மறுபேச்சு கிடையாது, கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். அங்கே நிற்கிற பதினெட்டு வண்டிகளில் பதினேழு வெள்ளை. நடுவில் இவருடையது மட்டும் பழனிக்கு மாலை போட்டு நடந்து வருகிறவர்கள் கட்டுகிற வேட்டியின் பச்சை. யாரோ முன்பணம் கட்டிவிட்டுப் பின்வாங்கிய வண்டி அது. வாடகைக்கு ஓடுகிற வண்டி வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஸ்டாண்டே கூடிச் சொன்னது. நாச்சிமுத்து காது கொடுக்கவில்லை. பத்தொன்பது வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டி, நாற்பத்தைந்தாம் வயதில் சொந்த வண்டி வாங்குகிறவர் ஊருக்குப் பிடித்த நிறத்தையா வாங்குவார்?

அந்த நிறமே அவருக்குச் சோறு போட்டது. ஈரோட்டுக்காரர்களும் கரூர்க்காரர்களும் "முருகன் கலரு" என்று தேடி வந்து ஏறினார்கள். அடிவாரத்தில் மொட்டை போட்டு, மலையேறிச் சாமி பார்த்து, அப்படியே கொடைக்கானலுக்குப் போய்க் குறிஞ்சி ஆண்டவரையும் பார்த்துவிட்டுத் திரும்புகிற குடும்பங்கள். போன வருஷம் வந்தவர் இந்த வருஷம் போன் போட்டு, "பச்சை வண்டிதானுங்க?" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஆனால் ஏறிய பிறகு ஏன் ஏறினோம் என்று நினைத்தவர்களும் உண்டு. சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். செருப்பைத் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். உள்ளே முறுக்கு கூடாது, முட்டாய் கூடாது. மடியில் பஞ்சாமிர்த டப்பாவை வைத்துக்கொண்டு யாராவது மூடியைத் திருகினால், முன் கண்ணாடியில் அவர் பார்க்கிற பார்வையில் மூடி தானாகவே திரும்ப இறுகிவிடும். வீட்டில் கழுவாத தட்டு இரண்டு நாள் கிடந்தாலும் கேட்கமாட்டார், வண்டியில் ஒரு எறும்பு தெரிந்தால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது. லீலா, அவருடைய மனைவி, பஞ்சாமிர்தக் கடையில் டப்பா அடைக்கிற வேலை பார்க்கிறவள். அவளையே கை கழுவிவிட்டு ஏறச் சொல்லுவார். அவளும் ஏழு வருஷமாகப் பழகிவிட்டாள்.

போன ஐப்பசியில் வண்டிக்குப் புது சீட்டு உறை போட்டார். சந்தன நிறம். போட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. கொடைக்கானலில் ஆட்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகப் பழனி ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். சவரிக்காடு தாண்டி நாலைந்து வளைவு வந்திருப்பார். மழை விட்டு ரோடு நனைந்து கிடந்தது. ஒரு ஆள் நடு ரோட்டுக்கு ஓடி வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். மாயன் என்று பெயர், காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிற மலைக்காரன். ரோட்டோரத்தில் இன்னொரு ஆளைப் படுக்க வைத்திருந்தான். அவர் பெயர் மணியன், அதே தோட்டத்து ஆள். தோட்டத்துக்குள் காட்டு மாடு முட்டியிருக்கிறது. வயிற்றில் வேட்டியைச் சுருட்டி அழுத்திக் கட்டியிருந்தான். வேட்டி என்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி இருந்தது.

நாச்சிமுத்து உடனே இறங்கினார். உடனே பின்கதவைத் திறந்தார். அதுவரைக்கும் எல்லாம் சரி. கதவைத் திறந்ததும் சந்தன நிற உறை கண்ணில் பட்டது. "இருப்பா, ஒரே நிமிசம்" என்று மாயனிடம் சொல்லிவிட்டு உறையைக் கழட்ட ஆரம்பித்தார். புது உறை, சீட்டுக்கு அடியில் இழுத்து இழுத்து அவரே போட்ட முடிச்சுகள். நகத்தால் நெம்பி நெம்பி ஒவ்வொன்றாக அவிழ்த்தார். உட்காருகிற பக்கம் நாலு, சாய்கிற பக்கம் நாலு. மாயன், மணியனின் வயிற்றில் கையை அழுத்திக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே குந்தியிருந்தான். ஐந்து நிமிஷம் ஆனது. இந்த ஐந்து நிமிஷம் என்பது, பிற்பாடு ஒரு நாள் லீலா வேலைக்குப் போனதும், அதே உறையை மாட்டி, அதே மாதிரி முடிச்சுப் போட்டு, மணி பார்த்துக்கொண்டே அவிழ்த்து அவர் தெரிந்துகொண்ட கணக்கு.

"நீங்க வெரசாக் கொண்டு போங்கண்ணே. நான் உள்ள போயி இவன் பொஞ்சாதியக் கூட்டிக்கிட்டு வந்துர்றேன்" என்று, மணியனைப் பின்சீட்டில் ஏற்றிக் கிடத்திவிட்டு மாயன் காட்டுக்குள் ஓடினான். அந்த இடத்தில் போன் எடுக்காது. மணியன் பேசிக்கொண்டுதான் இருந்தார். அதனால் அவரைத் தனியாக விட்டுப் போவதில் மாயனுக்குப் பயம் தோன்றவில்லை.

மணியன் பேசியதுதான் நாச்சிமுத்துவைப் படுக்க விடாமல் அடித்தது. வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. "அண்ணே, வண்டி வீணாப் போச்சுங்களே. எறங்குனதும் நானே கழுவித் தந்துர்றேங்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதையே சொன்னார். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, பேசாமப் படு" என்று நாச்சிமுத்து சொன்னார். மணியன் மூன்றாவது தடவையும் அதையே சொன்னார். வரதமாநதி அணை தாண்டிய பிறகு பின்சீட்டில் சத்தமில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். நாச்சிமுத்து வண்டி நம்பரைச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, இறந்தவரின் மனைவி வருவதற்குள் கிளம்பிவிட்டார். தன்னை இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டார்.

அந்த ஐந்து நிமிஷம் இருந்திருந்தால் மணியன் பிழைத்திருப்பாரா என்று எந்த டாக்டரிடமும் அவர் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? இல்லை என்று சொன்னாலும், அந்த மனிதர் சாகிற நேரத்தில் வண்டி அழுக்காகிறதே என்று கவலைப்பட்டது இல்லை என்று ஆகிவிடுமா? அந்தக் கவலையை அவர் மனதில் ஏற்றியது யார்?

உதவி செய்தவர் என்று ஸ்டாண்டில் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாளிலிருந்து, சாவு விழுந்த வண்டி என்று பேசினார்கள். அய்யம்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை வருவதற்குப் பேசி வைத்திருந்த வாடகை, நாசூக்காகக் கைமாறியது. "எங்க மாமா வண்டி ஒண்ணு வருதுங்க" என்றார்கள். மாமாவுக்கு வண்டி இல்லை என்பது நாச்சிமுத்துவுக்குத் தெரியும்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது செவ்வாய்க்கிழமைகளில் நடந்தது. மத்தியானம் காலி வண்டியாக இறங்கி வரும்போது, அதே வளைவில், தலையில் ஒரு மூட்டையோடு ஒரு பெண் நிற்பாள். பச்சை வண்டியைக் கண்டதும் பார்வையை எடுக்க மாட்டாள். வண்டி கிட்டே வரும்போது தரையை நோக்கிக் குனிவாள். ஒரு தடவை என்றால் தற்செயல். மூன்று செவ்வாய் அதே மாதிரி குனிந்தாள். மூன்றாம் முறை நிமிர்ந்து கையைத் தூக்கியதும் அவர் கண்ணாடியில் தெரிந்தது. அதற்குள் வண்டி வளைவைத் தாண்டிவிட்டது. மணியனின் மனைவி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மண்ணை வாரித் தூற்றுகிறாள், மாயன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். வயிறெரிந்து தூற்றுகிற மண் சும்மா போகாது என்று நம்புகிற ஊரில் பிறந்தவர் வேறு என்ன முடிவுக்கு வருவார்? போதாக்குறைக்கு ஸ்டாண்டில் ஒருவர், "ஏலே நாச்சி, ஒரு மலைக்காரம்மா பச்சை வண்டி எங்கன்னு கேட்டு வந்துச்சு" என்று சொன்னதும் அன்றைக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

லீலாவிடம் மண் தூற்றுவதை மட்டும் சொன்னார்.

"வித்துருங்க" என்றாள் லீலா. யோசிக்கக்கூட இல்லை. "வந்த வெலைக்குக் குடுத்துட்டு வேற வண்டி எடுங்க. இது இனி நமக்கு ஆகாது."

"வித்தா? வேற எவனாச்சும் இதே ரோட்டுல ஓட்டுவான். அந்தப் பொம்பள அவனப் பாத்து மண்ண அள்ளுவா. நான் செஞ்சதுக்கு அவன் வாங்கிக் கட்டிக்கணுமா?"

"நீங்க என்ன செஞ்சீங்க? உதவிதான செஞ்சீங்க?"

உறை கழட்டிய கதையை நாச்சிமுத்து அவளிடமும் சொல்லியிருக்கவில்லை. பரண் மேல் பையில் கட்டி வைத்திருக்கிற உறையை ஏன் திரும்பப் போடவில்லை என்று அவள் கேட்டபோது, அளவு சரியில்லை என்றுதான் சொல்லியிருந்தார்.

"கலர மாத்திரலாம்னு பாக்குறேன்" என்றார் கடைசியில். "வெள்ளையாக்கிட்டா கூட்டத்தோட கூட்டமாப் போயிரும். அந்தம்மாவும் பாத்துப் பாத்து வயிறெரிய வேண்டியதில்ல."

"அந்தம்மாவுக்குத் தெரியாம இருக்கும். உங்களுக்கு?" என்றாள் லீலா.

நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவதில் நாச்சிமுத்துவுக்கு முப்பது வருஷப் பழக்கம் உண்டு. ஆனால் உண்மையைச் சொன்னால், அவரால் அந்த வண்டியை விற்க முடியாது. ஏழு வருஷம் பிள்ளை மாதிரி துடைத்த வண்டி என்பதற்காக மட்டும் இல்லை. விற்றுவிட்டால், மணியனிடம் "ஒண்ணுமில்லப்பா" என்று சொன்ன சொல்லுக்குப் பிறகு இந்த வண்டிக்குள் வேறு ஒன்றும் சொல்லாமலே போய்விடுவோம் என்று ஒரு எண்ணம். யாரிடம் சொல்ல, என்ன சொல்ல என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வைத்துக்கொள்ளவும் முடியாமல், விடவும் முடியாமல் இருக்கிற மனிதனுக்குப் பெயிண்ட் கடை ஒரு நல்ல ஏற்பாடு.

நிறம் மாற்றுவதற்கு அனுமதி எழுதிக் கொடுத்து, அலைந்து, வாங்கினார். திண்டுக்கல் ரோட்டில் சிவமுருகனின் பட்டறையில் வண்டியை விட்டார். சிவமுருகன் வண்டியைச் சுற்றி வந்து தலையைச் சொறிந்தான்.

"பச்சைக்கு மேல வெள்ளையாண்ணே? லேசுல அடங்காது. தேச்சு, பட்டி பாத்து, நாலு தடவ அடிக்கணும். வெளிய மட்டுமா, கதவு உள்விளிம்பு, டிக்கி உள்பக்கம் எல்லாத்துக்குமா? அதுக்குன்னா கதவையெல்லாம் கழட்டணும். இன்னும் பத்து நாள் ஆகும்."

"எல்லாரும் வெளியிலதான பாக்குறாங்க?"

"வெளியிலதான் பாப்பாங்க" என்று சிவமுருகன் ஒத்துக்கொண்டான்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற முதல் நாள் பக்கத்தில் நின்றார். பச்சைத் தூள் கீழே கொட்டியது. மறுநாள் போகவில்லை. தைப்பூசக் கூட்டம் முடிந்த வாரம் வண்டி கைக்கு வந்தது. ஸ்டாண்டில் கொண்டு போய் நிறுத்தினார். பதினெட்டும் வெள்ளை. டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்தவர் வண்டிக் கதவில் சாவியைப் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். எந்த நாச்சிமுத்து என்று கேட்டால் இனி என்ன சொல்லுவார்கள் என்று தோன்றியது. சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

அடுத்த செவ்வாய் கொடைக்கானல் வாடகை. ஆட்களை ஏரிப் பக்கம் இறக்கிவிட்டு மத்தியானம் திரும்பினார். பெருமாள்மலை தாண்டி, இறக்கத்தில் பழனி பஸ் ஒன்று பழுதாகி ஓரமாக நின்றது. வளைவு வந்தது. அவள் நின்றாள். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, வருகிற வண்டிக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளை வண்டியை மற்ற வண்டிகளைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். இதற்காகத்தானே இத்தனை பாடும். தாண்டிப் போயிருக்கலாம். நாச்சிமுத்து நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று லீலா பிற்பாடு கேட்டபோதும் அவரால் சொல்ல முடியவில்லை. கால் நிறுத்திவிட்டது, அவ்வளவுதான்.

"பஸ்ஸு வரலண்ணே. பழனிக்கு நெல்லிக்கா கொண்டு போகணும். ஏத்திக்கிருவீங்களா?"

"ஏறு தாயி" என்றார். அவருடைய முகத்தை அவள் பார்த்ததில்லை என்பதில் ஒரு கேவலமான நிம்மதி இருந்தது.

அவள் பின்கதவைத் திறந்தாள். திறந்தவள் உடனே ஏறவில்லை. கதவின் உள்விளிம்பில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மூட்டையை உள்ளே தள்ளி, தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஒரு வளைவு போனது. இரண்டாவது வளைவும் போனது.

"இது பச்சை வண்டிதானண்ணே?" என்றாள்.

நாச்சிமுத்து வேகத்தைக் குறைத்தார். "ஆமா" என்றார்.

"உள்ள பச்சை அப்படியே இருக்கு. என் பேரு ஒய்யம்மா. மணியன் பொஞ்சாதி."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பறந்தீங்களா? தலைமேல மூட்டைய வச்சுக்கிட்டுக் கையக் காட்டினா மூட்ட சரியுது. அதை எறக்கி வச்சுட்டு நிமிர்றதுக்குள்ள நீங்க அடுத்த வளைவுல இருக்கீங்க. ஸ்டாண்டுக்கும் வந்தேன். வாடகைக்குப் போயிருக்குன்னாங்க."

மூட்டையை இறக்கத்தான் குனிந்திருக்கிறாள். மூன்று மாதமாகத் தன் மேல் விழுகிறது என்று அவர் நினைத்த மண்ணை யாரும் வாரவே இல்லை. அவமானத்தில் நாச்சிமுத்துவுக்குக் காது சுட்டது. அதைவிடப் பெரிய பயம் அடுத்து வந்தது.

"உறையக் கழட்டுனத மாயன் சொன்னாரு" என்றாள். "அதுல எனக்குக் கோவம் இருக்கு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் கையக் காட்டுனது அதுக்கில்ல. கடைசியா அவருகூட இருந்தது நீங்க ஒரு ஆளுதான். என்ன சொன்னாரு?"

ஊரில் யாராக இருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்களோ, அதைத்தான் நாச்சிமுத்துவும் சொன்னார். "உன் பேரத்தான் தாயி சொன்னாரு. சொல்லிக்கிட்டே…"

"என்னைய அவரு பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லண்ணே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. ஓரமாகப் பாறையிலிருந்து தண்ணீர் வடிகிற இடம் வந்தது. டிரைவர்கள் முகம் கழுவ நிறுத்துகிற இடம். நாச்சிமுத்து அங்கே வண்டியை நிறுத்தினார். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வண்டி வீணாப் போச்சுங்களேன்னாரு. எறங்குனதும் நானே கழுவித் தந்துர்றேன்னாரு. மூணு தடவ சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. நான் உறையக் கழட்டுறதப் பாத்துட்டாரு தாயி. அதான் அப்படிச் சொல்ல வச்சிருச்சு."

அழுகிறாள் என்று நினைத்தார். திரும்பினால், அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வேறு ஏதோ இருந்தது. தொலைத்ததைக் கண்டுபிடித்தவர்களின் முகம் மாதிரி.

"அவருதான்" என்றாள். "அவருதான் சொல்லியிருக்காரு. தோட்டத்து வீட்டு வாசல்ல போயி நின்னாக்கூட, நின்ன எடத்தத் தொடைச்சுட்டு வருவாரு. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்கண்ணே. எம் புள்ளையப் பத்திச் சொன்னாரு, சாமியக் கூப்பிட்டாருன்னு. எதுலயும் அவரு இல்ல."

பிறகு இறங்கினாள். "வாளி வச்சிருக்கீங்களா?"

"எதுக்கு?"

"கழுவித் தர்றேன்னு சொல்லியிருக்காருல்ல."

"ஐயோ, வேண்டாம் தாயி. அப்பவே எல்லாம் கழுவியாச்சு. ஒண்ணும் இல்ல உள்ள." நாச்சிமுத்து பதறி இறங்கினார். டிக்கியைத் திறந்து அவளே வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டாள். அவர் வாளியைப் பிடித்தார்.

"விடுங்க" என்றாள். அந்த ஒரு சொல்லில் இருந்த கோபத்துக்கு அவர் கை தானாக விட்டுவிட்டது. "தள்ளி நில்லுங்கண்ணே. இது உங்களுக்காகச் செய்யல."

பாறையில் தண்ணீர் பிடித்து வந்தாள். நெல்லி மூட்டையை எடுத்து ரோட்டோரம் வைத்தாள். பின்சீட்டைத் துடைத்தாள். சாய்கிற பக்கத்தைத் துடைத்தாள். கீழே கால் மிதியை எடுத்து உதறி, தரையைத் தேய்த்தாள். துணியைப் பிழிந்து பிழிந்து, கதவின் பச்சை விளிம்பு வரைக்கும் துடைத்தாள். ஏழு வருஷமாக இந்த வண்டியை யாரையும் துடைக்க விடாத நாச்சிமுத்து, ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்ற நினைப்புகூட இல்லாமல், மைல்கல் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவள் தடுக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. மூன்று வாளித் தண்ணீர் ஆனது.

முடித்ததும் துணியை உதறி வாளி விளிம்பில் போட்டாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அவரு சொன்ன சோலி முடிஞ்சுது" என்றாள். "உங்களுது உங்க பாடு."

மூட்டையைத் தூக்கித் திரும்ப உள்ளே வைத்து, ஏறி உட்கார்ந்தாள். "வாங்கண்ணே, கடை அடைச்சுருவாங்க" என்று கூப்பிட்டாள். நாச்சிமுத்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வண்டியை எடுத்தார்.